தோற்றவர் சொல்ல வேண்டிய சொல்

இழப்பு நேர்ந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுள் பெரும்பாலோர் ஒரே சொல்லைச் சுமந்துகொண்டு நுழைகின்றனர். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பது அச்சொல். நிலத்தை இழந்தவரிடமும், தேர்வில் தவறிய மாணவனிடமும், துணையைப் பறிகொடுத்தவரிடமும் இதனையே கூறுகிறோம். கூறிவிட்டு வெளியே வரும்போது நம் நெஞ்சம் சற்று இலேசாகிறது. கேட்டவரின் நெஞ்சமும் இலேசாயிற்றா என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. இச்சொல் பொய்யென்று நான் வாதாட வரவில்லை. இறைவனின் பராமரிப்பை நம்புகிற எவரும் அதனை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. ஆயினும் உண்மையான ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டா? ஒருவருடைய தோல்வியினால் வேறு பலருக்கு நன்மை விளைந்ததென்றால், அந்த நன்மையைச் சுட்டிக்காட்டி அவரை ஆறுதலடையச் சொல்வது அறமாகுமா?

இக்கேள்வியை என்னுள் கூர்மையாக எழுப்பியவர் ஒரு மெய்யியல் அறிஞர் அல்லர். பிரான்சு நாட்டின் அணிக்காக ரக்பி ஆடி ஓய்வுபெற்ற அப்தலத்தீப் பெனாசி என்னும் விளையாட்டு வீரர் அவர்.

நம் வாசகர்களுள் ரக்பி ஆட்டத்தைக் கண்டவர்கள் சிலரே இருப்பர் என்பதால் அதனைப் பற்றி இரண்டொரு சொல் கூறிவிடுகிறேன். அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவானது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது, பின்னால் வரும் தோழரிடமே கொடுக்க வேண்டும். (முன்னேற வேண்டுமானால் பின்னால் வருபவரை நம்ப வேண்டும் என்னும் இவ்விதி ஒரு நல்ல மறையுரைக்குப் பொருளாகும், இன்று அதனை விட்டுவிடுவோம்.) எதிரணியின் எல்லைக்கோட்டை எட்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 5 புள்ளிகள், இதனை ‘டிரை’ என்பர். பதித்த பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 2 புள்ளிகள். எதிரணி தவறிழைக்கும்போது கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளிகள். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளுவது ‘ஸ்க்ரம்’. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பெனாசி 1968ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டில், அல்ஜீரிய எல்லையை அடுத்துள்ள ஊஜ்தா நகரில் பிறந்தவர், இசுலாமியர். முதலில் தம் தாய்நாட்டு அணிக்கு ஆடினார். பின்னர் பிரான்சின் தென்மேற்குப் பகுதிக்கு வந்து காஓர் நகரக் கழகத்திலும், அதன்பின் நெடுங்காலம் அஜான் நகரக் கழகத்திலும் ஆடினார். 1990இல் சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரான்சின் சட்டையை முதன்முறையாக அணிந்தார். அந்த முதல் ஆட்டத்தின் 14ஆம் நிமிடத்திலேயே, எதிராளியைக் காலால் மிதித்த குற்றத்துக்காக நடுவர் அவரைக் களத்தைவிட்டு வெளியேற்றினார். இதனை மறைக்காமல் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நாம் பேசப்போவது ஒரு புனிதரைப் பற்றியன்று. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் அதற்கேற்ற வன்மையும் கொண்ட, வெல்வதற்காகவே களமிறங்கிய ஒரு மனிதரைப் பற்றி. அவ்வாறு தொடங்கியவர் 2001 வரையில் பிரான்சுக்காக 78 ஆட்டங்கள் ஆடினார். அந்நிய மண்ணில் பிறந்த அவரையே அணித் தலைவராகவும் ஆக்கினார்கள்.

1995ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிகள் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றன. நிறவெறி ஆட்சியின் காரணமாக அந்நாடு 1987, 1991 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் சேர்க்கப்படவில்லை. 1994இல் நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானார். அதற்கு மறு ஆண்டே உலகம் அந்நாட்டுக்கு விருந்தினராக வந்தது. ஆனால் ரக்பி அங்கே வெள்ளையரின் ஆட்டம். ‘ஸ்பிரிங்பாக்’ என்னும் மான் சின்னம் பொறித்த பச்சைச் சட்டையைக் கறுப்பின மக்கள் தங்களை ஒடுக்கியவர்களின் சட்டையாகவே கண்டனர். அரங்கில் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட மூலையில் நின்றுகொண்டு எதிரணிக்குக் கைதட்டுவது அவர்கள் வழக்கம். புதிய ஆட்சி வந்தபின் அச்சின்னத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று பலரும் கோரியபோது, அது நீடிக்கட்டும் என்று நின்றவர் மண்டேலா.

ஜூன் 17ஆம் நாள், டர்பன் நகரின் கிங்ஸ் பார்க் அரங்கில், தென்னாப்பிரிக்காவும் பிரான்சும் அரையிறுதியில் சந்திக்க வேண்டும். அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. களம் குளமாயிற்று. ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போடப்பட்டது. அப்போது கறுப்பினப் பெண்கள் பலர் துடைப்பங்களுடன் களத்தில் இறங்கி, தேங்கிய நீரைத் தள்ளி வெளியேற்றத் தொடங்கினர். நிறைந்திருந்த அரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை மனத்தில் வைத்திருங்கள். அதற்குத் திரும்பி வருவோம்.

ஆட்டமே நடவாமற் போயிருந்தால் என்னவாகியிருக்கும்? விதி தெளிவாக இருந்தது. அத்தொடரில் ஒழுங்கு மீறி வெளியேற்றப்பட்ட வீரர் எந்த அணியில் குறைவோ, அந்த அணியே இறுதிப் போட்டிக்குச் செல்லும். கனடாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டிருந்தார். ஆகவே மழை இன்னும் ஒரு மணி நேரம் விடாது பெய்திருந்தால், ஓர் அடியும் எடுத்துவைக்காமலே பிரான்சு இறுதிக்குச் சென்றிருக்கும். மழை விட்டது. வீரர்கள் நீரில் இறங்கினர்.

ஆட்டத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஓடுவதற்கு இயலாத களத்தில் உதையும் தள்ளலுமே மிஞ்சின. தென்னாப்பிரிக்காவின் ரூபன் குரூகர் ஒரு டிரை அடித்தார். யோயல் ஸ்டிரான்ஸ்கி உதைத்துப் புள்ளி சேர்த்தார். பிரான்சின் 15 புள்ளிகளும் தியரி லக்ரூவாவின் ஐந்து தண்டனை உதைகளால் வந்தவை. இறுதி நிமிடங்களில் 19க்கு 15 என்று நின்றது கணக்கு. நான்கு புள்ளிப் பின்னடைவு. தண்டனை உதை இனிப் பயன்படாது, டிரை ஒன்றே வழி. அப்போது உயரே உதைக்கப்பட்டு எல்லைக்கோட்டருகே இறங்கிய பந்தைப் பெனாசி கைக்கொண்டு முன்னால் பாய்ந்தார். ஈரத்தில் சறுக்கியபடி அவ்வளவு பெரிய உடல் கோட்டை நோக்கிச் சென்றது. எதிரணியினர் அவர்மேல் விழுந்தனர். பந்து கோட்டை எட்டிற்றா? நடுவர், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த டெரெக் பெவன், எட்டவில்லை என்று தீர்ப்பளித்தார். படத்தை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை அந்நாளில் இல்லை. சில அங்குலம்தான் குறை. பின்னர் அதே இடத்தில் ஸ்க்ரம் மேல் ஸ்க்ரமாகத் தள்ளியும் பிரான்சு கோட்டைக் கடக்கவில்லை. ஊதல் ஒலித்தது. அந்தச் சில அங்குலத்தைப் பற்றிய வழக்கு பிரான்சின் ரக்பி அன்பர்களிடையே இன்னமும் ஓயவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க் நகரின் எல்லிஸ் பார்க் அரங்கில் இறுதிப் போட்டி. அதில் தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் மோதின. ஆட்டம் தொடங்குமுன், 27 ஆண்டு சிறையிருந்த மண்டேலா, அணித் தலைவர் ஃபிரான்சுவா பினாரின் 6ஆம் எண் பொறித்த அதே பச்சைச் சட்டையை அணிந்து களத்துக்கு வந்தார். பெரும்பாலும் வெள்ளையரே நிறைந்திருந்த அரங்கு அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் ஸ்டிரான்ஸ்கியின் உதையால் 15க்கு 12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. அரங்கிலிருந்த அறுபதினாயிரம் பேரின் ஆதரவைப் பற்றிக் கேட்டபோது, தங்களுக்கு ஆதரவாக இருந்தவர்கள் நாட்டு மக்கள் நாலரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான அத்தனை பேருமே என்னும் கருத்துப்படப் பினார் விடையளித்தார். உள்நாட்டுப் போர் மூளுமோ என்று அஞ்சப்பட்ட ஒரு நாட்டில், அன்றிரவு வெள்ளையரும் கறுப்பரும் தெருக்களில் ஒன்றாக ஆடினர்.

இனி, நம் கேள்விக்கு உரிய இடம். தென்னாப்பிரிக்க அணியின் அன்றைய மேலாளர் மோர்னே டு பிளெஸ்ஸி, பெனாசி தம்மிடம் கூறியதாகப் பிற்காலத்தில் ஒரு செய்தியைத் தெரிவித்தார். பத்திரிகையாளர் ஜான் கார்லின் 2008இல் வெளியிட்ட நூலில் அது பதிவாகியுள்ளது. உங்களிடம் தோற்றபோது நாங்கள் அழுதோம். ஆனால் இறுதிப் போட்டியைக் கண்டபோது நான் மீண்டும் அழுதேன். ஏனெனில் நாங்கள் அங்கே இல்லாதிருப்பதே முக்கியம் என்பதையும், எங்களைவிடப் பெரியதொன்று எங்கள் கண்முன்னே நடக்கிறது என்பதையும் அப்போது அறிந்துகொண்டேன் என்பது அவர் கூற்றின் சாரம்.

‘நாங்கள் அங்கே இல்லாதிருப்பதே முக்கியம்.’ வாழ்நாள் முழுவதும் உடலைப் பிழிந்து உழைத்து, கோட்டுக்குச் சில அங்குலம் முன்பாகத் தடுக்கப்பட்ட ஒருவர், ஒரு வாரத்துக்குள் இவ்வாறு சொல்லக் கூடுமாயின், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று நாம் சொல்வதும் சரிதானே என்று தோன்றலாம். இல்லை என்பதே என் எண்ணம். ஏன் என்று விளக்க முயல்கிறேன்.

திருவிவிலியத்தில் இக்கணக்கைப் பேசும் இருவர் உள்ளனர். ஒருவர் யோசேப்பு. உடன்பிறந்தோர் அவரைக் குழியில் தள்ளினர்; விற்றனர். பல்லாண்டுகளுக்குப் பின் எகிப்தில் அவர்கள் அவர்முன் அஞ்சி நின்றபோது, நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுளோ பலருடைய உயிரைக் காக்கும் நன்மையாக அதனை மாற்றினார் என்னும் பொருள்பட அவர் பேசுகிறார். மற்றவர் தலைமைக் குரு கயபா. மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவர் இறப்பது நலம் என்று சங்கத்தில் எடுத்துரைத்தவர் அவர். இரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணக்கு ஒன்றேதான்: ஒருவரின் இழப்பு, பலரின் பிழைப்பு. யோவான் நற்செய்தியாளரோ கயபா கூறியது உண்மையென்றே ஒப்புக்கொள்கிறார். தாம் அறியாமலே அவர் இறைவாக்கு உரைத்தார் என்கிறார். சொல் உண்மையாயிருந்தும் சொன்னவர் குற்றவாளியாகிறார். வேறுபாடு சொல்லில் இல்லை. விலையைச் செலுத்தியவர் யார் என்பதில் இருக்கிறது. யோசேப்பு தம் இழப்பைப் பற்றிப் பேசுகிறார்; கயபா பிறருடைய இழப்பைப் பற்றிப் பேசுகிறார்.

யோசேப்பின் உடன்பிறந்தோர் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘நாங்கள் உன்னை விற்றதும் நன்மைக்கே, விற்றிராவிடில் நீ ஆளுநராகியிருப்பாயா?’ கேட்கவே கூசுகிறது. அவர்களுக்கு அந்தச் சொல் உரியதன்று. யோசேப்பும் அதனை உடனே சொல்லவில்லை. விற்கப்பட்டபோது அவருக்கு 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு வளமான ஆண்டுகளும் இரண்டு பஞ்ச ஆண்டுகளும் கழிந்த பின்னரே தம்மை அவர்களுக்கு வெளிப்படுத்தி முதன்முறை அவ்வாறு பேசினார். ஏறத்தாழ 22 ஆண்டுகள். அதற்கும் முன்பு வீட்டார் கேட்குமளவு உரத்த குரலில் அழுதார் என்று தொடக்கநூல் குறித்து வைத்திருக்கிறது. பெனாசியின் கூற்றிலும் அழுகைதான் முதலில் வருகிறது.

நரியும் திராட்சையும் கதை நினைவுக்கு வரக்கூடும். எட்டாத பழத்தைப் புளிக்குமென்று சொன்னது போலத்தானே இதுவும், தோற்றவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானே என்று ஐயுறுவோர் இருக்கலாம். நேர்மையான ஐயம்தான். ஆனால் நரி பழத்தின் சுவையை மறுக்கிறது, இவர் மறுக்கவில்லை. உலகக் கோப்பை பெரிதன்று என்று இவர் கூறவில்லை. தோல்வி வலிக்கவில்லை என்றும் கூறவில்லை. முதல் அழுகையை இரண்டாவது அழுகை அழித்துவிடவில்லை. அதன் பக்கத்தில் வந்து நின்றது. இழந்தது இனியது என்று தெரிந்தே, அதனினும் பெரியது ஒன்றைக் கண்டேன் என்கிறார். நரியால் இதைச் சொல்ல முடியாது.

இளங்குருவாகக் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிய நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலுக்குச் சென்ற நால்வரில் ஓர் இளைஞன் திரும்பவில்லை, மூவர் பிழைத்தனர். அந்தத் தாயின் அருகே அமர்ந்து, குருமடத்தில் கற்ற இறைத்திட்டத்தை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். மூன்று குடும்பங்கள் காப்பாற்றப்பட்டதை நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள் அம்மா என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “சாமி, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனார். அது விருந்தோம்பல் என்றே அன்று நினைத்தேன். பேச்சை நிறுத்துவதற்கு அவருக்கிருந்த மரியாதையான வழி அது ஒன்றுதான் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. நான் கூறியதில் பொய் ஏதுமில்லை. அதனைக் கூற வேண்டியவர் நான் இல்லை.

புனித தோமா அக்குவினாஸ் தம் பெருநூலில் இறைப் பராமரிப்பைப் பற்றி விளக்கும்போது, முழுமையின் நன்மைக்காகக் கடவுள் பகுதிகளில் சில குறைகளை அனுமதிக்கிறார் என்கிறார். விலங்குகள் மடியாவிடில் சிங்கம் வாழாது, கொடுங்கோலர் துன்புறுத்தாவிடில் மறைச்சாட்சிகளின் பொறுமை இராது என்று எடுத்துக்காட்டும் தருகிறார். இது கடவுளின் பராமரிப்பைப் பற்றிய போதனை. நாம் செய்யும் தவறு, கடவுளுக்குரிய இருக்கையில் நாமே அமர்ந்துகொண்டு அதே கணக்கைப் போடுவது. முழுமையைக் காண்பவர் ஒருவரே. நாம் காண்பதோ பகுதியை மட்டும். அதிலும் நமக்கு வசதியான பகுதியை.

டர்பன் ஆட்டத்துக்குத் திரும்புவோம். இதனை இன்னும் தெளிவாக்க அது உதவும். நடுவர் பெவன், ‘இந்நாட்டின் ஒற்றுமைக்காகப் பிரான்சு தோற்பதே நலம்’ என்று உள்ளத்தில் எண்ணி, கோட்டை எட்டிய பந்தை எட்டவில்லை என்று தீர்ப்பளித்திருந்தால்? அவர் அவ்வாறு செய்தார் என்று கருத எந்த ஆதாரமும் இல்லை, கற்பனைக்காகவே கேட்கிறேன். அப்போது விளைந்த நன்மை அத்தனையும் விளைந்தே இருக்கும். ஆனால் அவர் கயபாவின் வரிசையில் நின்றிருப்பார். இன்னொன்று: பெனாசியே மண்டேலாவை நினைத்துக்கொண்டு, தம் கையைச் சில அங்குலம் பின்னிழுத்திருந்தால்? தம்மை நம்பிப் பந்தைக் கொடுத்த பதினான்கு தோழர்களுக்கும் அது துரோகம். அன்றியும், எதிராளி விட்டுக்கொடுத்த வெற்றியில் ஒரு நாடு எவ்வாறு தலைநிமிர இயலும்? அவர் ஒவ்வோர் அங்குலத்துக்கும் முழு வலிமையோடு போராடினார் என்பதனால்தான் அந்த வெற்றிக்கு மதிப்பு வந்தது. இதில் விந்தை என்னவெனில், அந்த நன்மையை எவரும் நேரடியாக நாடியிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும். நடுவரின் கடமை கண்ணால் கண்டதைச் சொல்வது. வீரரின் கடமை வெல்ல முயல்வது. அவரவர் கடமையை அவரவர் ஆற்றியபோது, எவர் கையிலும் இல்லாத ஒன்று விளைந்தது. விளைந்த பின்னர், இழந்தவர் அதனைக் கண்டு பெயர் சூட்டினார்.

வென்றவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் அதே நாள்களில் ஓர் எதிர்மறைப் பாடம் கிடைத்தது. இறுதிப் போட்டிக்குப் பின் நடந்த விருந்தில், தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத் தலைவர் லூயி லாய்ட், 1987இலும் 1991இலும் நாங்கள் ஆடியிருந்தால் அப்போதும் நாங்களே வென்றிருப்போம் என்று பேசினார். நியூசிலாந்து வீரர்கள் எழுந்து வெளியேறினர். பின்னர் அவர் நடுவர் பெவனைப் புகழ்ந்து பொன் கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாக நீட்டினார். தர்மசங்கடத்துக்குள்ளான பெவனும் விருந்தைவிட்டுச் சென்றார். டர்பனில் தோற்றவர்கள் அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்? பெனாசி தம் வாயால் சொன்னது அருளாக ஒலிக்கிறது. அதையே லாய்ட் ஒரு பிரெஞ்சு வீரரிடம் சொல்லியிருந்தால் கன்னத்தில் அறைந்தது போலிருந்திருக்கும்.

இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும். பெனாசி சொன்னார் என்பதற்காக அவருடைய தோழர்களும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? அன்று பிரான்சுக்காக ஆடியவர்களுள் எவரேனும், எங்கள் வெற்றி பறிபோயிற்று என்று இன்றளவும் கசந்து பேசினால் அவர் சிறியவராகிவிடுவாரா? மாட்டார். ஒருவர் தம் தோல்வியை மனமுவந்து பிறருக்குக் கொடையாக்கலாம்; அதனைக் கடன்போல எவரும் வசூலிக்க முடியாது. வசூலிக்கத் தொடங்கிய அன்றே அது கொடையாக இராது. ‘அவர் ஏற்றுக்கொண்டாரே, நீ ஏன் ஏற்கவில்லை?’ என்று ஒருவரின் பெருந்தன்மையைக் காட்டி மற்றவரை அடிப்பது நம் குடும்பங்களில் எத்துணை எளிதாக நிகழ்கிறது! மூத்த மகள் விட்டுக்கொடுத்தாள், ஆகவே இளையவளும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேசும் வீடுகளை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

பெனாசியின் நிலையில் எனக்கு வியப்பளிக்கும் மற்றொன்றும் உண்டு. அவர் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர். வடக்கு முனையில் பிறந்து, பிரான்சின் சட்டையை அணிந்துகொண்டு, தெற்கு முனையில் வந்து வீழ்ந்தார். தம்மை ஏற்றுக்கொண்ட நாட்டுக்காக ஆடும்போது, தாம் பிறந்த கண்டத்தில் நிகழ்ந்த ஒன்றுக்காகக் கண்ணீர் விட்டார். பிற நாட்டில் பிறந்தவர் எங்கள் கொடிக்கு உண்மையாயிருப்பாரா என்று ஐரோப்பாவில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். கடைசி அங்குலம் வரை பிரான்சுக்காகப் பாய்ந்ததும், தோற்ற பின் மண்டேலாவுக்காக அழுததும் ஒரே மனிதர்தாம். இரண்டு அன்புகள் ஒரு நெஞ்சில் இடம் பிடிக்க ஒன்றையொன்று தள்ள வேண்டியதில்லை.

இனி, அந்த நன்மைதான் என்னவாயிற்று? இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 1995இல் வென்ற அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. ஓர் இரவின் ஆட்டபாட்டம் நூற்றாண்டுகளின் அநீதியைத் துடைத்துவிடவில்லை. வறுமையும் பிரிவினையும் அந்நாட்டைவிட்டு அகலவில்லை. 2019இல் தென்னாப்பிரிக்கா மூன்றாம் முறை கோப்பையை வென்றபோதுதான் சியா கொலிசி என்னும் கறுப்பினத் தலைவர் ஒருவர் அதனை உயர்த்திப் பிடித்தார். அதற்கு 24 ஆண்டுகள் ஆயின. 2023இல் பாரிசு நகரில் நடந்த காலிறுதியில் அதே கொலிசியின் அணியிடம் பிரான்சு 29க்கு 28 என்று, ஒரே புள்ளியில், மறுபடியும் தோற்றது. மறுபடியும் நடுவரைப் பற்றிய வழக்கு எழுந்தது. அப்போது ‘இதுவும் நன்மைக்கே’ என்று பிரான்சில் எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எல்லாத் தோல்விக்கும் பின்னால் ஒரு மண்டேலா நிற்பதில்லை. சில தோல்விகள் வெறும் தோல்விகளே. அவற்றுக்கு நாம் அவசரப்பட்டுப் பொருள் கற்பிக்காமல் இருப்பதும் ஒருவகை நேர்மை.

துடைப்பம் ஏந்திய அந்தப் பெண்களை மறந்துவிட்டோமா? அவர்கள் நீரைத் தள்ளியிராவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையெனில் பிரான்சே இறுதிக்குச் சென்றிருக்கும். மண்டேலா அணிந்த சட்டைக்கும் பொருள் இருந்திராது. பெரிய நன்மை என்று நாம் போற்றுவது, அன்று மழையில் குனிந்து நின்ற அவர்களின் முதுகின்மீதும் கட்டப்பட்டது. கோப்பையில் அவர்கள் பெயர் இல்லை. அந்தப் பெரிய நன்மையில் அவர்கள் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கணக்கெடுத்தவர் எவரையும் நான் அறியேன். பெருநன்மையைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது இவர்களைத்தான்.

பெனாசியின் ஆட்ட வாழ்வு டர்பனோடு முடிந்துவிடவில்லை. 1997இல் அவர் தலைமையில் பிரான்சு, ஐந்து நாடுகள் போட்டியில் எதிர்த்த நான்கு அணிகளையும் வீழ்த்தியது. இலண்டனின் டுவிக்கனம் அரங்கில் 20க்கு 6 என்று பின்தங்கியிருந்து, 23க்கு 20 என்று இங்கிலாந்தை வென்றது அப்போதுதான். 1999இல் உலகக் கோப்பை இறுதிவரை சென்று, கார்டிஃப் நகரில் ஆஸ்திரேலியாவிடம் 35க்கு 12 என்று தோற்றனர். அது அங்குலக் கணக்கில் வராத தோல்வி. அதைப் பற்றி அவர் பெரியதாக ஏதும் சொன்னதாக நான் படித்ததில்லை. 2001 முதல் 2003 வரை இலண்டனின் சாரசன்ஸ் கழகத்தில் ஆடிவிட்டு ஓய்ந்தார்.

2024 நவம்பர் 14 அன்று டப்ளினில் உலக ரக்பி அமைப்பின் தலைவர் தேர்தல் நடந்தது. பெனாசி போட்டியிட்டார். மூவர் நின்ற முதல் சுற்றில் ஒருவர் விலக, இரண்டாம் சுற்றில் ஆஸ்திரேலியாவின் பிரெட் ராபின்சன் 27 வாக்குகளும் பெனாசி 25 வாக்குகளும் பெற்றனர். ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் இருவரும் சமம். கோட்டுக்குச் சில அங்குலம் முன்பாக மறுபடியும் தடுக்கப்பட்டார் என்று எழுதுகோல் எழுதத் துடிக்கிறது. இந்தத் தோல்வியில் பெரியது ஏதேனும் பிறந்ததா, பிறக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தாம்.